மாசி வரை நீடிக்கட்டும் மார்கழித் தீர்மானம்

ஜனவரி முதல் வாரத்தில் எந்த ஊர்ப் பூங்காவுக்குப் போனாலும் நடைபாதை நிரம்பி வழியும். புது ஷூ, புது டிராக் பேன்ட், மணிக்கட்டில் அடிகளை எண்ணும் புது வாட்ச். பொங்கல் விடுமுறை முடிந்து ஊர் திரும்பும்போது கூட்டம் மெலிந்திருக்கும். தைப்பூசமும் கழிந்துவிட்டால், வருடம் முழுக்க வருகிற பழைய முகங்கள்தான் மிஞ்சும்.

நின்றுபோனவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாலரை மணிக்கு எழுந்து ஒரு மணி நேர நடை, சர்க்கரை அறவே கிடையாது, ராத்திரி சோறு கிடையாது, பத்து மணிக்கு மேல் செல்போன் கிடையாது என்று நான்கைந்து தீர்மானங்களை ஒரே நாளில் தலையில் ஏற்றிக்கொண்டால் யாராக இருந்தாலும் இரண்டு வாரத்தில் களைத்துத்தான் போவார்கள். உடம்புக்கு நன்மை செய்ய அவ்வளவு கடுமை தேவையே இல்லை. இதற்கு ஆதாரம் நம் சென்னையிலேயே இருக்கிறது.

சென்னையில் கிடைத்த சான்று

சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசல் வரை வந்துவிட்டது என்ற நிலையில் இருந்த 531 பேரை, டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான சென்னை மருத்துவக் குழு தொடர்ந்து கவனித்தது. எல்லோரும் 35 முதல் 55 வயதுக்குள் இருந்தவர்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு நடையும் உணவு மாற்றமும். மற்ற இரண்டு பிரிவினரில் ஒன்றுக்கு மாத்திரை மட்டும், மற்றொன்றுக்கு மாத்திரையோடு வாழ்க்கைமுறை மாற்றமும். நடைப் பிரிவினரிடம் கேட்டுக்கொண்டது பெரிய தவம் ஒன்றும் இல்லை. தினமும் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும், சர்க்கரையையும் எண்ணெயையும் மாவுச்சத்தையும் குறைக்க வேண்டும், நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான்.

முடிவுகள் 2006-ல் வெளியாயின. மூன்று ஆண்டுக் கணக்கில், பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. நடையையும் உணவு மாற்றத்தையும் கடைப்பிடித்தவர்களில் அது 39 சதவீதம். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பும் ஏறக்குறைய இதே அளவுதான்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொரு செய்தி. நடந்தவர்களின் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. ஆனாலும் நோய் தள்ளிப்போனது. “ஒரு மாசமா நடக்கறேன், ஒரு கிலோகூட இறங்கல” என்று மனம் விட்டுப்போய் நிறுத்துகிறவர்கள் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எடை எந்திரத்தின் முள் அசையாத நாட்களிலும் தசைகளும் ரத்தக் குழாய்களும் நன்மை பெற்றுக்கொண்டுதான் இருக்கின்றன.

இதே குழுவின் இன்னொரு ஆய்வு 2013-ல் வெளியானது. அதில் பங்கேற்றவர்கள் வேலைக்குப் போகும் 537 ஆண்கள். ஒரு பாதிப் பேருக்கு மட்டும், நடக்கவும் அளவாகச் சாப்பிடவும் நினைவூட்டும் குறுஞ்செய்திகள் தொடர்ந்து செல்போனில் வந்தன. இரண்டு ஆண்டுகளில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது. ஓயாத சின்ன நினைவூட்டலுக்கே இவ்வளவு பலன் இருக்கிறது.

21 நாள் கணக்கு

“இருபத்தோரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் பழக்கமாகிவிடும்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்தக் கணக்கை அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-ல் எழுதிய புத்தகத்தோடு தொடர்புபடுத்துவார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்பது அவர் கவனித்த விஷயம். அதில் இருந்த ‘குறைந்தது’ என்ற சொல் வாய்க்கு வாய் மாறியதில் காணாமல் போய்விட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். 96 பேர், ஆளுக்கு ஒரு புதுப் பழக்கம், 12 வாரம். யோசிக்காமலே கை அந்த வேலைக்குப் போகும் நிலை வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன. உடற்பயிற்சி படியத்தான் அதிக நாள் பிடித்தது.

ஜனவரி 1-ல் தொடங்கினால் 66-வது நாள் மார்ச் 7. மாசி மாதத்தின் கடைசிப் பகுதி. பொங்கலுக்குள் பழக்கமாகவில்லையே என்று கவலைப்படுவதில் நியாயமே இல்லை.

இருக்கிற வழக்கத்தோடு முடிச்சு

மார்கழி விடியலில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்களைப் பாருங்கள். இன்றைக்குப் போடலாமா வேண்டாமா என்று அவர்கள் யோசிப்பதில்லை. எழுந்தால் வாசல், வாசல் தெளித்தால் கோலம், கோலம் முடிந்தால் அடுப்பில் பால். ஒரு வேலை முடிவதே அடுத்த வேலைக்கு அழைப்பாகிவிடுகிறது. மன உறுதி என்று நாம் பெரிதாகப் பேசுகிற சரக்கு இங்கே தேவைப்படுவதே இல்லை.

புதுப் பழக்கத்தையும் இப்படித்தான் கோத்துக்கொள்ள வேண்டும். ‘தினமும் உடற்பயிற்சி செய்வேன்’ என்பது ஆசை. ‘ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் தெருமுனை வரை போய் வருவேன்’ என்பதில் நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, தொடங்கும் புள்ளி இருக்கிறது. எப்போது, எங்கே என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்கிறவர்கள் தங்கள் எண்ணத்தை அதிகம் நிறைவேற்றுகிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

சாப்பாட்டுக்குப் பிந்தைய சிறு நடையை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அந்த நேரத்தில் கால் தசைகள் அசைந்தால் அவை அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மெதுவாக ஐந்து நிமிடம் நடந்தாலே ஏற்றம் குறைகிறது. மொட்டை மாடி போதும், வீட்டுக் கூடம்கூடப் போதும். சோறு பிரதானமாக இருக்கும் நம் சாப்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பழக்கம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

டபராவிலும் உப்பு ஜாடியிலும்

ஒரு நாளைக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. தமிழ் வீடுகளில் இது சாதாரணம். ஒரு டீஸ்பூனுக்கு 4 கிராம் என்று வைத்தால் காபியில் மட்டும் 32 கிராம். சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. பிஸ்கட்டும் பண்டிகை இனிப்பும் இந்தக் கணக்கில் இன்னும் வரவே இல்லை.

இதற்காக ஜனவரி 1 காலையிலேயே சர்க்கரை இல்லாத காபியை விழுங்க வேண்டாம். இரண்டு ஸ்பூனை ஒன்றே முக்கால் ஆக்குங்கள். இரண்டு வாரம் கழித்து ஒன்றரை. அப்படியே இறங்கி வந்தால் சித்திரை பிறக்கும்போது அரை ஸ்பூனில் நிற்கலாம். அதற்குள் பழைய இரண்டு ஸ்பூன் காபி திகட்டும். வெல்லத்துக்கோ நாட்டுச் சர்க்கரைக்கோ மாறிவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரத்தத்துக்குள் போன பிறகு அவையும் சர்க்கரைதான்.

உப்பிலும் இதே வழி செல்லும். நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் அதைத் தாண்டித்தான் சாப்பிடுகிறோம். சாம்பார், ரசம், பொரியல், ஊறுகாய், அப்பளம், மோரில் ஒரு சிட்டிகை என்று ஒரே இலையில் ஆறு இடத்தில் உப்பு. குழம்பில் குறைத்தால் வீட்டில் சண்டை வரும். அதனால் முதலில் அப்பளத்தையும் ஊறுகாயையும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கலாம். சாப்பாட்டு மேஜையிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்துவிடலாம். உப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களின் நாக்கு இரண்டு மூன்று மாதங்களில் குறைந்த உப்பையே விரும்பத் தொடங்கியதாக ஆய்வுகள் சொல்கின்றன.

வீட்டுப் பெண்களுக்கு நேரம் எங்கே?

தீர்மானக் கட்டுரைகள் பெரும்பாலும் மறந்துவிடுகிற ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். ஐந்து மணிக்கு எழுந்து டிபனும் மதியச் சாப்பாடும் ஒன்றாகச் சமைத்து, மூன்று டப்பாக்களில் அடைத்து, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றி, ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர். அவருடைய கணவர் அதே நேரத்தில் நண்பர்களோடு வாக்கிங் முடித்து, டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். “நீயும் தினம் நட, சுகர் குறையும்” என்று அவர் சொல்வது அன்பினால்தான். அந்த அரை மணி நேரத்தை யார் எடுத்துக் கொடுப்பது?

டப்பா அடைக்கும் வேலையை வாரத்தில் மூன்று நாள் வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்வதுதான் அந்தக் குடும்பம் எடுக்க வேண்டிய முதல் ஆரோக்கியத் தீர்மானம் என்பேன். நடை தனி மனிதப் பழக்கம் போலத் தோன்றினாலும், அதற்கான நேரத்தை வீடுதான் ஒதுக்கித் தர வேண்டும்.

பெண்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் உடற்பயிற்சிக் கணக்கில் சேரும் என்று முன்பு சொல்லி வந்த உலக சுகாதார நிறுவனம், 2020 வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு வேண்டும். அதைத் துண்டு துண்டாகவும் சேர்க்கலாம். பஸ் ஸ்டாப்புக்கு விறுவிறுவென்று நடப்பதும், மாடிப்படி ஏறுவதும் கணக்கில் வரும்.

பத்தாயிரம் அடி கட்டாயமா என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. அந்த எண் 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ 2019-ல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 72 வயதுள்ள 16,741 பெண்களில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 2,700 அடி நடந்தவர்களைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. தமிழக அரசு 2023-ல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. அருமையான திட்டம். ஆனால் முதல் வாரத்திலேயே எட்டையும் நடந்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

விட்டுப்போன நாளுக்கு மறுநாள்

கல்யாணம், காய்ச்சல், தேர்வு, அடைமழை. ஏதாவது ஒன்று வரும். பழக்கம் ஒருநாள் அறுபடும். லாலியின் ஆய்வில், நடுவில் ஒருநாள் தவறவிட்டது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. பாதிப்பது, “போச்சு, இனி அடுத்த வருஷம்தான்” என்ற நினைப்பு. மறுநாள் ஐந்து நிமிடம் நடந்தாலும் நூல் தொடரும். காலண்டரில் வெற்று நாட்களை எண்ணி உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் முன்னால் அப்படிச் செய்வதை நிச்சயம் தவிருங்கள்.

தொடங்கும் முன்

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தாலோ நடையைக் கூட்டினாலோ சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும். பிறகு மருத்துவரிடம் மாத்திரை அளவைப் பேச வேண்டும். பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ மூச்சு முட்டினாலோ நின்றுவிடுங்கள். உட்கார்ந்தும் அடங்காவிட்டால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். வாசலில் நிற்பவர்களுக்கு உடம்பில் எந்த அறிகுறியும் தெரியாது. 30 வயதைத் தாண்டிய எவரும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். இந்த வாரமே ஒருநாள் போய்ப் பார்த்துவிடுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களையும் கூடவே அழைத்துப் போங்கள்.