ஆடியில் காற்று... ஐப்பசியில் மழை!

குட்டீஸ்... ஆடி மாதம் பட்டம் விட்டிருக்கிறீர்களா? அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலம் பக்கம் அப்போது காற்று பேயாட்டம் ஆடும். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்று பாட்டி சொல்வாரே, அதே காற்றுதான். புழுதி பறக்கும், கண்ணில் மண் விழும். மழை மட்டும் அவ்வளவாக வராது!

இன்னொரு வேடிக்கை. ஊரில் வெயில் காயும்போதே, தெற்கே கொள்ளிடத்தில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போகும். மழை பெய்யாமல் வெள்ளம் எப்படி?

மத்தியான வெயிலில் மணலில் வெறுங்காலை வையுங்கள். சுடும்! பக்கத்துக் குளத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்கும். நிலம் சீக்கிரம் சூடாகும். தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும். கோடையில் நம் நாடு அந்த மணலைப் போலக் காய்கிறது. சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல் காற்று ஓடி வருகிறது. அது கிளம்புவது எங்கே தெரியுமா? நிலநடுக்கோட்டுக்கும் தெற்கே, இந்தியப் பெருங்கடலில்! கோட்டைத் தாண்டியதும், பூமி சுழல்வதால் வலப்பக்கம் வளைந்து, தென்மேற்கிலிருந்து வீசுகிறது.

வரும் வழியெல்லாம் கடல் நீரை ஆவியாக அள்ளிக்கொள்கிறது. ஆனால், குறுக்கே மேற்குத் தொடர்ச்சி மலை! மலை ஏறும் காற்று குளிர்ந்து, கேரளாவிலும் குடகிலும் மழையாகக் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது அதனிடம் ஈரம் அதிகம் இல்லை. அந்த வறண்ட காற்றுதான் உங்கள் பட்டத்தைத் தூக்குகிறது.

அங்கே கொட்டிய மழை? குடகிலிருந்து காவிரியாகவும், வயநாட்டிலிருந்து கபினியாகவும் ஓடி வந்து, மேட்டூர் அணை நிரம்பினால் கொள்ளிடத்தில் இறங்குகிறது. 2018 ஆகஸ்டில் இப்படி வந்த வெள்ளத்தில்தான், திருச்சி அருகே முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அடேயப்பா!

ஆனால், ஆற்றில் எவ்வளவு ஓடினாலும் மேட்டு நிலத்துக்கு ஏறாதே! மானாவாரியாக மக்காச்சோளமும் பருத்தியும் போட்டவர்கள் வானத்தைத்தான் பார்க்க வேண்டும். அவர்களுக்கான மழை ஐப்பசியில் வருகிறது. அதற்குள் நிலம் ஆறிவிடும். கடலோ சூட்டைச் சீக்கிரம் விடாது. காற்று அப்படியே திசை மாறி, வடகிழக்கிலிருந்து வங்காள விரிகுடா மேல் வரும். இந்தப் பக்கம் மறிக்கப் பெரிய மலை ஏதும் இல்லை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதுதான்.

அது தவறினால்? 2016-ல் தவறியது. வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு! 2017 ஜனவரியில், தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது.

மழை ஏன் ஓர் ஆண்டு கொட்டுகிறது, ஓர் ஆண்டு ஏமாற்றுகிறது? இதைத் தேடியவர் கில்பர்ட் வாக்கர். 1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கணித வல்லுநர். பூமராங் எறிவதில் அத்தனை பிரியம். கேம்பிரிட்ஜ் நண்பர்கள் வைத்த பட்டப்பெயரே 'பூமராங் வாக்கர்'! பல நாட்டுக் காற்றழுத்தக் கணக்குகளை ஆண்டுக்கணக்கில் அலசி அவர் கண்டது ஒரு சீசா விளையாட்டு. பசிபிக் பெருங்கடல் பக்கம் காற்றழுத்தம் கூடினால், இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைகிறது. அங்கே குறைந்தால் இங்கே கூடுகிறது.

சீசா ஒரு பக்கம் சாயும்போது பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் கடல் வழக்கத்தைவிடச் சூடாகிறது. இதுதான் 'எல் நினோ'. அப்போது இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் இளைத்துவிடும். ஆனால், நமக்கு ஐப்பசி மழை பல முறை கூடியிருக்கிறது! 2015-ல் நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு டிசம்பரில்தான் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. எப்போதும் இப்படியே நடக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். காற்று பிடிவாதக்காரப் பிள்ளை!

இந்த ஆடியில் மொட்டை மாடிக் கம்பி ஒன்றில் பழைய ரிப்பனைக் கட்டுங்கள். நுனி பெரும்பாலும் கிழக்கே பறக்கும். புரட்டாசி கடைசியிலிருந்து தினமும் காலையில் பார்த்து, நோட்டில் குறித்து வையுங்கள். என்றைக்கு அது தென்மேற்கே திரும்புகிறதோ, அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்... குடையை எடுத்து வைக்கட்டும்!