ஒரு நட்டு குறைத்த விலை

வேட்டைக்குப் பயன்படும் .308 வின்செஸ்டர் தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை போகலாம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு! சுடுபவரின் முகத்துக்கு ஒரு முழத்துக்குள் இது நடக்கிறது. இடையில் நின்று காப்பது ‘போல்ட்’ என்னும் எஃகு உருளைதான். அதன் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் அடுத்த தோட்டா உள்ளே போகும், போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். ஜெர்மனியின் பால் மவுசர் 1898இல் செம்மைப்படுத்திய ஏற்பாடு இது. இன்றைய போல்ட் வகை வேட்டைத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே.

இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் பொருளை மலிவாக்குவது எப்படி? அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் 1964இல் ஒரு வழியைப் பார்த்தது. புகழ்பெற்ற தன் ‘மாடல் 70’ துப்பாக்கியில் செலவு பிடிக்கும் வேலைகளைக் கழித்தது. மரக்கட்டையில் கையால் செதுக்கிய குறுக்குக்கோடுகளுக்குப் பதில் அச்சில் அழுத்திய கோடுகள் வந்தன. தோட்டாவைக் கவ்வும் பெரிய கொக்கி போய்ச் சிறியது வந்தது. வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். ‘64க்கு முந்தியது’ என்றால் இன்றும் சந்தையில் தனி மதிப்பு.

ஆனால் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1958இல், சாவேஜ் நிறுவனத்தின் நிக்கோலஸ் ப்ரூவர் வேறு வழி கண்டிருந்தார். விலை உயர்ந்த வடிவத்தைச் சுரண்டாமல், மலிவாகச் செய்வதற்கென்றே புதிய வடிவத்தை வரைந்தார். அதுதான் ‘சாவேஜ் 110’. 109.95 டாலர் என்ற அன்றைய விலையே பெயரானது.

அவருடைய முதல் தந்திரம் ஒரு நட்டு. பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா போய் உட்காரும் இடத்துக்கும் உள்ள தூரத்தைத் ‘தோட்டா இடம்’ என்று வைத்துக்கொள்வோம். .308இல் இந்த அளவைச் சரிபார்க்க இரண்டு அளவுகட்டைகள் உண்டு. முதல் கட்டை வைத்தால் போல்ட் பூட்டவேண்டும்; இரண்டாவதில் பூட்டக்கூடாது. இரண்டுக்கும் நீள வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர்தான்! பழைய முறையில் தேர்ந்த தொழிலாளி குழலை இம்மி இம்மியாகக் கடைந்து, அளந்து, மறுபடி கடைந்து இந்த அளவைப் பிடிப்பார். ப்ரூவரின் முறையில் அந்தப் பாடு இல்லை. முதல் கட்டையை உள்ளே வைத்துப் போல்ட்டைப் பூட்டு. அது முட்டும்வரை குழலைத் திருகு. குழலின் மேலுள்ள நட்டை இறுக்கு. வேலை முடிந்தது.

இரண்டாவது தந்திரம் போல்ட்டின் தலையில். போல்ட்டைப் பிடித்து நிறுத்துபவை அதன் ‘பூட்டுப்பற்கள்’, அதாவது திருப்பியதும் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும் முனைகள். இரண்டு பற்களும் சமமாகத் தாங்கினால்தான் குறி நேராகும். விலை உயர்ந்த துப்பாக்கிகளில் இதற்காகக் கையால் தேய்த்துப் பொருத்துவார்கள். ப்ரூவர் தலையைத் தனித் துண்டாக்கி, ஒரு முளையால் கோத்து, துளி ஆட்டம் விட்டார். அது தானே நகர்ந்து இரண்டு பற்களையும் சமமாக உட்காரவைக்கிறது.

குழல் செய்வதிலும் செலவு குறைந்தது. குழலின் உட்புறத்தில் சுருளாக ஓடும் பள்ளங்கள்தான் குண்டைச் சுழற்றி நேராகப் பறக்கவைப்பவை. பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற குழலிலிருந்து நொடிக்கு 850 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு, நொடிக்கு 3,300 முறைக்கு மேல் சுழலும். இந்தப் பள்ளங்களை முன்பு சிறு உளியால் சீவிச் சீவி எடுத்தார்கள். இப்போது பள்ளத்தின் வடிவம் பதித்த கெட்டியான உலோகக் குமிழைக் குழல் வழியே இழுத்தால் போதும், ஒரே இழுப்பில் எல்லாப் பள்ளமும் பதிந்துவிடும். ரூகர் நிறுவனம் இன்னொரு வழியைக் கையாள்கிறது. பள்ளத்தின் மறுபடிவம் கொண்ட தண்டை உள்ளே செருகி, இயந்திரச் சுத்தியல்களால் குழலை வெளியிலிருந்து அடிக்கிறது.

புதியவர்கள் இன்று ஒப்பிட்டுப் பார்க்கும் மலிவுத் துப்பாக்கிகளான சாவேஜ் ஆக்ஸிஸ், ரூகர் அமெரிக்கன் இரண்டிலும் குழல் நட்டு உண்டு. சாவேஜ் தன் ஆடும் தலையை விடவில்லை. ரூகர் மூன்று பூட்டுப்பற்கள் வைத்தது. அதனால் கைப்பிடியை 90 டிகிரிக்குப் பதில் 70 டிகிரி தூக்கினால் போதும். மேலேயுள்ள தொலைநோக்கியில் விரல் இடிக்காது. ஆனால் தோட்டாவை அடிக்கும் ஊசியின் சுருள்வில்லைக் குறைந்த தூரத்துக்குள் ஏற்றவேண்டியிருப்பதால் கைக்குச் சற்றுக் கனமாகத் தெரியும். ரூகரில், தோளில் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கட்டைக்குள் வி வடிவ எஃகுத் துண்டுகள் புதைந்திருக்கின்றன. துப்பாக்கியின் உடல் அவற்றின் மேல் அசையாமல் அமர்கிறது. ஈரத்தில் உப்பிக் குழலை நெருக்கும் மரக்கட்டையின் தொல்லை இதில் இல்லை.

விசையிலும் ஒரு வியப்பு. லேசாக இழுத்தாலே இயங்கும் விசை, துப்பாக்கி கீழே விழுந்தாலும் இயங்கிவிடலாம். ஆகவே சாவேஜ் தன் விசையின் நடுவில் மெல்லிய தகடு ஒன்றை வைத்தது. விரல் முதலில் அந்தத் தகட்டை அழுத்தாதவரை உள்ளிருக்கும் கொக்கி விடுபடாது. ஆக்ஸிஸின் அடிப்படை வடிவத்தில் இது கிடையாது. ‘ஆக்ஸிஸ் 2’இல் உண்டு.

மிச்சம் பிடித்த இடங்கள் கண்ணுக்குத் தெரியும். ஆக்ஸிஸின் கட்டை முன்பக்கம் வளையும். எதன்மேலாவது அழுத்திச் சாய்த்தால் குழலைத் தொட்டுக் குறியைக் கெடுக்கும். மெருகும் சுமார்தான். ஆனால் குழலின், பூட்டின் தரத்தில் கைவைக்கவில்லை. நல்ல தோட்டா போட்டால் 91 மீட்டர் தூரத்தில் மூன்று குண்டுகள் இரண்டரை சென்டிமீட்டர் வட்டத்தை ஒட்டி விழுவது இவற்றில் அதிசயமல்ல.

இப்போது கதை தலைகீழாகிவிட்டது. துல்லியத்துக்காகவே செலவழித்து ‘ரெமிங்டன் 700’ என்னும் துப்பாக்கியின் உடலில் தனித் துப்பாக்கி கட்டுபவர்கள் பலர், குழலை அதில் பொருத்த சாவேஜ் பாணி நட்டையே பயன்படுத்துகிறார்கள். அந்தக் கலவைக்கு ‘ரெமேஜ்’ என்று செல்லப்பெயரும் உண்டு. சிக்கனத்துக்குப் பிறந்த நட்டு, காசு பொருட்டல்ல என்பவர்களின் பட்டறையிலும் இடம்பிடித்துவிட்டது.