துணி பெல்ட்டின் முனை பிரியாதிருக்க

சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்தபொழுது, நம் வீட்டுச் சிறுவனுக்கு வாங்கிய துணி பெல்ட் நீளமாக இருந்தமையால், மிகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டோம். கொண்டாப்பூரில் வாழும் நம் குடும்பங்களில் இவ்வாறு செய்யாதார் சிலரே. இரண்டு வாரத்தில் முனையின் நூல்கள் பிரிந்து பக்கிளில் சிக்கிக்கொண்டன. பள்ளியில் அவசர வேளையில் அவிழ்க்க இயலாமல், நனைந்த உடையுடன் சிறுவன் அழுதுகொண்டே வீடு திரும்பினான். பிழை அவனுடையதன்று, நம்முடையது.

நெய்த துணியில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. நீளவாட்டத்து ஓரங்களில் ஊடைநூல் மடங்கித் திரும்புவதால் கரை உறுதியாயிருக்கிறது. குறுக்கே வெட்டிய இடத்தில் அப்பிடிப்பு இல்லை. ஆதலின் நூல்கள் ஒவ்வொன்றாக நழுவுகின்றன. நம் ஊர்த் துண்டின் முனையில் நூல்களை முறுக்கி முடிந்திருப்பது அழகுக்கு மட்டுமன்று, காப்புக்கும் ஆகும்.

பரிகாரம் செய்யுமுன் நூலின் வகையை அறிதல் வேண்டும். பிரிந்த நூல் ஒன்றை இடுக்கியால் பிடித்து, தட்டின் மேலாகச் சுடரில் காட்டுக. பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். நைலானும் பாலியெஸ்டரும் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும்.

உருகும் வகையாயின், வெட்டிய முனையை மெழுகுவத்திச் சுடரின் அருகே கொண்டுசென்றாலே போதும். சுடருக்குள் நுழைத்தல் ஆகாது. ஓரம் உருகியதும் பழைய கரண்டியின் முதுகால் அழுத்துக. விரலால் தொடவே கூடாது. நைலான் உருகுவதற்கு 220 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பம் வேண்டும். உருகிய குழம்பு தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுட்டுவிடும். சன்னலைத் திறந்துவைத்து, பிள்ளைகளை அகற்றிவிட்டு, பெரியவர்களே இதைச் செய்தல் நன்று.

பருத்தியாயினும், இரண்டும் கலந்ததாயினும், தீ உதவாது. வெட்டவேண்டிய இடத்தை அடுத்து, நிலைக்கும் பக்கத்தில் இரண்டு வரிசை நெருக்கமாகத் தைத்து, அதன் பின்னரே வெட்டுக. வெட்டிய முனையை மெல்லிய நாடாவால் பொதிந்து மீண்டும் தைத்தால் நெடுநாள் உழைக்கும். வெள்ளைப் பசை சலவையில் இளகிவிடும், அதை நம்பவேண்டா.

இவற்றினும் எளிய வழி ஒன்றுண்டு. பக்கிள் கழற்றக்கூடியதாயின், அந்தப் பக்கத்திலேயே வெட்டி, முனையைப் பக்கிளின் பற்களுக்குள் செருகிவிடலாம். கடையில் முடித்துத் தந்த மறுமுனை கெடாது.

ஒன்றை மட்டும் மறவாதீர்: மோட்டார் வண்டியின் இருக்கை பெல்ட் பிரிந்தால் உருக்குவதோ தைப்பதோ கூடாது, புதியதை மாற்றுவதே முறை. அது உயிரைத் தாங்குவது.

பெல்ட் சிறு பொருள்தான். எனினும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புமுன் அவனே அதை ஒருமுறை பூட்டி அவிழ்ப்பதைக் கண்ணாற் காண்போமாக.