அணிலுக்குக் கல், முராய்க்குக் கூண்டா?



நாம் பெரட்டுக்குக் கிளம்புமுன்னே பாடத் தொடங்கிவிடும் கறுப்பு வெள்ளை முராய்க் குருவி. விடிந்ததும் வந்துவிடும் செவ்வயிற்று அணில். இரண்டுமே லயத்தை ஒட்டி வாழும் நம் அண்டை வீட்டார்தான்.

அணில் பழத்தைக் கடிக்கும். கொக்கோக் காயைத் துளைக்கும். நஷ்டம் கண்ணில் படுகிறது, கல்லை எடுக்கிறோம். முராயோ கீரைப் பாத்தியில் புழு பூச்சிகளைப் பொறுக்கித் தின்கிறது. கூலி கேட்டதுண்டா? நல்லா பாடுதேன்னு பிடித்து அடைக்கிறோம்!

கல்லுக்குத் தப்பி அணில் மரமேறிவிடும். கூண்டில் விழுந்த முராய் தோட்டத்தில் குஞ்சு பொரிக்க ஏது வழி? சிங்கப்பூரில் காடழிந்ததாலும், கூண்டுக்காகப் பிடித்ததாலும் 1970-களில் அது அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. பிறகு திட்டம் போட்டுத்தான் திரும்ப விட்டார்கள்.

உழைப்பவனுக்குச் சிறை எந்த ஊர் நியாயம்? பலாவுக்குச் சாக்குக் கட்டுவோம். பாட்டுக்குக் கூண்டு கட்ட வேண்டாம்.