வெள்ளை நாய், சிவப்புத் தரை

முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். பரம ரகசியம் அதுதான்! பிளவக்கல் அணைக்குப் போகும் சாலையிலிருந்து தென்னந்தோப்புக்குள் இறங்கினால் வரும் ஓட்டு வீட்டில், விடிவதற்கு முன்னால் எழுந்ததும் பெரியம்மாவின் கை போவது விசிறி சுவிட்சுக்குத்தான். காற்று அடங்கியதும் ராத்திரி முழுக்க உதிர்ந்த நாய்முடி மெல்ல இறங்கித் தரையில் படிகிறது. வாரியலை அவர் இன்னும் தொடவில்லை, கவனியுங்கள். பழைய துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, சுவரோரத்திலிருந்து நடுக்கூடம் வரைக்கும் ஓர் இழுப்பு. துணியைத் திருப்பிக் காட்டினார். அடேயப்பா, ஒரு கைப்பிடி வெள்ளை முடி!

“காஞ்ச தரையில வாரியலப் போட்டா முடி பறந்து சாமி படத்து மேல உக்காரும், சோத்துப் பானைக்குள்ள விழும். ஈரத்துல எடுத்துட்டா அதுக்குப் பொறவு கூட்டுனாலும் சரி, கூட்டாட்டியும் சரி, தாயி.”

இந்த வீட்டுக்குள் எட்டிப்பார்க்க எத்தனை நாள் ஆசை! முழுசாய் வளர்ந்த ராஜபாளையம் நாய் ஒன்று கூடம், அடுப்படி, திண்ணை என்று வளைய வருகிறது. ஆனால் வாடை இல்லை, பாதத் தடம் இல்லை, கட்டில் விரிப்பில் ஒரு முடி இல்லை. எப்படி என்று அக்கம்பக்கத்தில் கேட்காதவர் இல்லை. திரையை விலக்கிக் காட்ட பெரியம்மா ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம்.

கதாநாயகியின் பெயர் வெள்ளையம்மா. உடம்பு முழுக்கப் பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, தேன் நிறக் கண், ஒட்டிய வயிறு, நீண்ட கால். காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன வம்சம். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டபோது, இமயமலை ஆட்டுநாய், ராம்பூர், முதோல் ஆகியவற்றோடு நம் ராஜபாளையமும் அதில் இருந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோதும் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பையோடு இந்தப் பெயர் வந்தது. இத்தனை பெருமையும் இருக்கட்டும். வீட்டுக்காரிக்குப் பிடித்த விஷயம் வேறு. இந்த நாய்க்கு முடி குட்டை. குளிர்நாட்டு நாய்களுக்கு இருப்பதுபோல் உள்ளே பஞ்சு அடுக்கு கிடையாது. சேறு பட்டால் காய்ந்து உதிர்ந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கும் குறைவு.

தரையைப் பார்த்துத்தான் நான் அசந்துபோனேன். சிவப்புக் காவி போட்டுத் தேய்த்த பழைய சிமெண்டுத் தரை. அதில் வெள்ளை முடி ஒன்று விழுந்தாலும் வாசலில் நிற்பவருக்குத் தெரியும். மகன் வெள்ளை டைல்ஸ் போட்டுவிடலாம் என்று இரண்டு வருடமாகச் சொல்லிப் பார்க்கிறாராம். பெரியம்மாவின் பதிலைக் கேளுங்கள்: “வெள்ளத் தரையில வெள்ள முடி தெரியாது. தெரியலைன்னா எடுக்க மாட்டோம். எடுக்கலைன்னா நாறும்.” கட்டடக்கலைப் பாடத்தில் சேர்க்க வேண்டிய வாக்கியம்! நாய் வளர்க்கிறவர்கள் அழுக்கை மறைக்கும் நிறத்தில்தான் தரையும் விரிப்பும் தேடுகிறார்கள். இங்கே எல்லாமே அழுக்கைக் காட்டிக்கொடுக்கிற நிறம்.

அடுத்தது இன்னும் பெரிய விஷயம். நாய் வளர்க்கும் வீடு நாறுவதற்குக் காரணம் நாய் உள்ளே வருவதல்ல, வெளியே கட்டிக்கிடப்பதுதான். நம் ஊர்களில் ராஜபாளையம் என்றாலே சங்கிலி என்று ஆகிவிட்டது. கடிக்கும் என்ற பயம். நாள் முழுக்க நான்கடி சங்கிலிக்குள் கிடக்கும் நாய் அங்கேயே சிறுநீர் கழிக்கிறது, அங்கேயே படுக்கிறது, உடம்பெல்லாம் அந்த வாடை ஏறுகிறது. எந்த நாயும் தான் படுக்கிற இடத்தை அசிங்கப்படுத்த விரும்பாது. அதற்கு விலகிப் போக வழி விடாமல் கட்டிவைத்துவிட்டு, நாறுகிறது என்று நாம் மூக்கைப் பிடிக்கிறோம். வெள்ளையம்மா சங்கிலி அறியாதவள். தோப்பில் தெற்கு மூலையில் இருக்கும் தென்னந்தூர்தான் அவள் ‘இடம்’. காலையிலும் மாலையிலும் அங்கே போய்விட்டு, திண்ணைக்கு வந்து வாலை ஆட்டுகிறாள். ஓடித் தீர்த்த நாய் வீட்டுக்குள் வந்தால் தூங்கும்; ஓடாத நாய் செருப்பைக் கடித்துத் துப்பும். கலைந்து கிடக்கும் வீட்டுக்குப் பாதிக் காரணம் அதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

உள்ளே விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள் சேர்ந்ததுதான் பிளவக்கல். அணைக்குப் பின்னால் மலை, மலைமேல் காடு. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவிக்கப்பட்ட காடு. மலையடிவாரத்தில் ராத்திரி வெளியே கட்டிக்கிடக்கும் நாயைவிடச் சுலபமான இரை சிறுத்தைக்கு வேறு கிடையாது.

இப்போது வாசல் காட்சி! கண்மாய்க் கரையில் ஓடிவிட்டு வருகிறாள். ஐப்பசி, கார்த்திகை மழை என்றால் வயிறு வரைக்கும் சகதி. கேட்டுக்கு உள்பக்கம் குழாய், அடியில் அகலமான அலுமினியப் பேசின், பக்கத்துக் கொடியில் நாலு வெள்ளைத் துணி. பேத்தி குழாயைத் திறப்பதற்குள் வெள்ளையம்மா பேசின் முன்னால் நின்று வலது முன்னங்காலைத் தானே தூக்குகிறாள். பார்த்ததும் கைதட்டிவிட்டேன். ஒவ்வொரு பாதமாக முக்கி, விரல் இடுக்குகளில் கைவிட்டு மண்ணை எடுத்து, துணியால் ஒற்றுகிறார்கள். தேய்ப்பதில்லை, ஒற்றுவதுதான். அந்தத் துணி எங்கிருந்து வருகிறது தெரியுமா? ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். தெரிந்தவர் மூலம் கழிவுத் துண்டுகளை வாங்கி, நாலாய் மடித்துத் தைத்து வைத்திருக்கிறார் பெரியம்மா. ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே நெய்த துணி, நாலு பாதத்துக்கு ஒரு துணி போதும். அப்புறம் நிலைப்படிக்கு வெளியே ஒரு கோணிச்சாக்கு, உள்ளே ஒரு கோணிச்சாக்கு. இரண்டையும் மிதித்துத்தான் கூடத்துக்குள் நுழைய வேண்டும். மனிதர்களுக்கும் அதே சட்டம்தான், நானும் மிதித்தேன்.

முடி உதிர்வதைத் தரையில் பிடிப்பதைவிட உடம்பிலேயே பிடிப்பது மேல். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையை லேசாக நனைத்துப் போட்டுக்கொண்டு, முடி படிந்திருக்கும் திசையிலேயே தடவுகிறார்கள். கையுறையில் ஒட்டுகிற முடி அத்தனையும் தென்னந்தூருக்கு. மெதுவாக மக்கி உரமாகிவிடும். இதைக் கிழமைக்கு மூன்று தடவை செய்தால் வீட்டுக்குள் முடி பாதியாகக் குறைகிறது என்கிறார். குளியல் மாதம் ஒன்றுதான். அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டு, அரித்து, சொறிந்து இன்னும் முடி கொட்டும். நாம் போடும் சோப்பும் ஆகாது. மனிதத் தோலுக்கு இருக்கும் அமிலத்தன்மை நாய்த் தோலுக்குக் கிடையாது. நாய்க்கென்று விற்கும் ஷாம்பு, நிறையத் தண்ணீர், முக்கியமாகக் காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வது. காதில் ஈரம் தங்கினால் வரும் வாடை வீட்டையே தூக்கும்.

வாடைக்கு இன்னொரு பிறப்பிடம் படுக்கை. வெள்ளையம்மாவின் மெத்தைக்குப் பழைய சின்னாளப்பட்டிச் சேலையில் தைத்த உறைகள் மூன்று இருக்கின்றன. ஒன்று படுக்கையில், ஒன்று கொடியில், ஒன்று பீரோவில். பீரோவில் பாச்சை உருண்டை கிடையாது, அது நாய்க்கு விஷம். இந்தப் பக்கத்து வெயிலுக்கு ஒரு பகல் காயவைத்தால் துணியில் எந்த வாடையும் மிஞ்சாது.

தரை துடைக்கும் வாளியில் என்ன இருக்கிறது என்று மோந்து பார்த்தேன். ஒன்றுமே மணக்கவில்லை! சோப்புத் தண்ணீர், அதன்மேல் ஒரு தடவை வெறும் தண்ணீர், அவ்வளவுதான். கறுப்பு ஃபினாயிலை இந்த வீட்டில் சேர்ப்பதே இல்லை. காரணம் எளிது. நாய் அந்தத் தரையில் நடக்கும், அப்புறம் பாதத்தை நக்கும். தரைக்குப் போட்டது வயிற்றுக்குள் போகிறது. குட்டியாக இருந்தபோது உள்ளே சிறுநீர் கழித்தால், முதலில் துணியால் ஒற்றி, தண்ணீர் விட்டு எடுத்து, ஆப்பசோடா தூவிக் காயவிட்டுத் துடைப்பார்களாம். அமோனியா கலந்த திரவம் போட்டால் அதுவும் சிறுநீர் வாடைதான். நாய் அடுத்த தடவையும் அதே இடத்துக்குத்தான் வரும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர்மேல் கொட்டுவதோ இன்னும் மோசம். இரண்டும் சேர்ந்தால் கிளம்பும் வாயு கண்ணையும் நெஞ்சையும் எரித்துவிடும். இதை எத்தனை வீடுகளில் செய்கிறார்கள் என்று நினைத்தாலே பதறுகிறது.

சரி, உண்ணி. சுத்தமான வீடு என்று சொல்லிக்கொள்ளும் பலபேர் தோற்பது இங்கேதான். உண்ணியை நாய்மேல் தேடுகிறோம், அது வாழ்நாளில் பெரும்பகுதியை நாய்க்கு வெளியேதான் கழிக்கிறது. வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவரேறி, விரிசலிலோ ஜன்னல் சட்டத்திலோ ஆயிரக்கணக்கில் முட்டை போடும். அதனால் பெரியம்மா வீட்டில் பொங்கலுக்கு முந்திய வெள்ளையடிப்பு சும்மா சம்பிரதாயம் அல்ல. விரிசல்களைச் சிமெண்டால் பூசி, அதன்மேல் சுண்ணாம்பு. நாயின் இடுப்பு உயரத்தோடு நிறுத்தாமல் உத்தரம் வரைக்கும். கூடவே மருத்துவர் எழுதிக்கொடுத்த உண்ணி மருந்து, தேதி தவறாமல். தினம் சாயங்காலம் திண்ணையில் படுக்கப்போட்டுக் காது மடல், கழுத்து, விரல் இடுக்கு எல்லாம் பார்க்கிறார் பேத்தி. வெள்ளை உடம்பில் உண்ணி இருந்தால் பாலில் விழுந்த மிளகு மாதிரி கண்ணில் குத்தும். கறுப்பு நாய் வைத்திருப்பவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

தென்னந்தூர் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். கழிவை அன்றன்றைக்கே தகரமுறத்தில் அள்ளிக் குழியில் போட்டு மண் மூடுகிறார்கள். காய்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் அல்ல, தள்ளி. நாயின் வயிற்று உருளைப்புழு முட்டைகள் வெளியே வந்ததும் தொற்றிவிடாது. மண்ணில் கிடந்து முதிர நாள் பிடிக்கும். அதற்குள் அள்ளிவிட்டால் பிள்ளைகள் மண்ணில் விளையாடுவதற்குப் பயப்பட வேண்டாம். குடற்புழு மாத்திரை, வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேதிகள் அடுப்படிக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கின்றன.

அப்புறம் பால்கோவா ஆபத்து! 2025-இல் பக்கத்து ஊரான கூமாப்பட்டி செல்போன் வீடியோக்களில் ஓகோவென்று பேசப்பட்டதிலிருந்து பிளவக்கல்லைப் பார்க்க வருகிற கூட்டத்தோடு சொந்தக்காரர்களும் வந்து இறங்குகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வருகிறவர் வெறுங்கையோடா வருவார்? 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா, பொட்டலம் பொட்டலமாக. வந்தவர் முதலில் ஊட்டுவது வெள்ளையம்மாவுக்கு. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. இது சுண்டக் காய்ச்சிய பாலும் சர்க்கரையும். ராத்திரி வயிறு கலங்கினால் அடுத்த நாள் காலை சிவப்புத் தரையின் கதி என்ன? அதனால் பெரியம்மா பொட்டலத்தை வாசலிலேயே வாங்கி, பரண்மேல் ஏற்றிவிட்டு, வெள்ளையம்மாவுக்கு என்று வேகவைத்த பூசணித் துண்டைக் கொடுத்து விருந்தாளியை ஊட்டச் சொல்கிறார். அவருக்கும் திருப்தி, இவளுக்கும் திருப்தி.

ஊரில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்றையும் பெரியம்மா கூச்சமில்லாமல் சொன்னார். பெட்டை நாய் வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு தடவை பருவத்துக்கு வரும். இரண்டு மூன்று வாரம், அதில் பல நாள் ரத்தக் கசிவு. “வீடு அசிங்கமாயிரும்னு பொட்டக் குட்டியக் கொண்டுபோய்க் கண்மாய்க் கரையில விட்டுர்றாக தாயி. கேக்கவே வயிறு எரியுது.” அவர் வழி இது: பேத்தியின் பழைய காற்சட்டையில் வாலுக்கு ஓட்டை போட்டு, உள்ளே சத்திரப்பட்டித் துணி. கழற்றி மாற்றி, குளிர்ந்த தண்ணீரில் அலசி, வெயிலில். தரையில் சொட்டு விழாது. இந்த முறை குட்டி போட்டுப் பாலும் மறந்தாகிவிட்டது, அடுத்தது கருத்தடை அறுவை. மருத்துவரிடம் நாள் வாங்கியாகிவிட்டது.

குட்டிகளில் மிச்சம் ஒன்று, பெட்டை. பின்கட்டுத் தட்டி மறைப்புக்குள் செய்தித்தாள் விரிப்பில் கிடக்கிறது. தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், விளையாடி நின்றதும் தூக்கிக்கொண்டு தென்னந்தூருக்கு ஓடுகிறார் பேத்தி. ஓடுகிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே! அங்கே வைத்துக் காரியம் முடிந்த நொடியில் ஒரு பாராட்டு, ஒரு துண்டு வேகவைத்த முட்டை. அடிப்பதும் மூக்கைத் தேய்ப்பதும் இந்த வீட்டில் கிடையாது. அடி வாங்கிய குட்டி கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போகப் பழகிக்கொள்ளும், அவ்வளவுதான் மிச்சம்.

நான் கிளம்பும் நேரத்தில் குட்டி கேட்டு ராஜபாளையத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். பெரியம்மா ஸ்பீக்கரில் போட்டார். ராத்திரி குட்டி எங்கே படுக்கும்? “உள்ளதாம்மா, எங்க ரூம்லயே.” தலையாட்டினார். சங்கிலி வாங்கியாச்சா? “இல்லம்மா.” மறுபடியும் தலையாட்டல். காலையில அள்ளுறது யாரு? “அதுக்கு வேலைக்காரம்மா இருக்காங்கம்மா.”

“அப்படியா? அந்தம்மா நம்பரக் குடுங்க. குட்டிய அவகளுக்கே குடுத்துர்றேன்.”