மனித மூளை ஒரு கணினியா? சோழிகளால் கிரகணம் கணித்தவரிடம் இருக்கிறது விடை

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரனுக்காக, புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் 1825 மே 31 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாளும் இல்லை, நூலும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். அட்டவணைகளைச் சொற்களாகவும் அசைகளாகவும் மனப்பாடம் செய்திருந்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்கு பிசகியது 4 நிமிடமே. நடுநேரத்தில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகியது.

அவர் செய்தது கணினியின் வேலையா?

ஆம். கணினி அறிவியலுக்கு அடித்தளமிட்ட 1936-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆலன் டூரிங், தாளில் கணக்குப் போடும் மனிதரையே முன்மாதிரியாகக் கொண்டார். அந்த மனிதர் ஒரு குறியைப் பார்ப்பார், விதிப்படி மாற்றுவார், அடுத்ததற்கு நகர்வார். புதுச்சேரிக் கணிதரின் சோழிகள் இடையில் வந்த எண்களைத் தாங்கின. விதிகள் கணக்கை நடத்தின. அக்கணிதருக்கு வானியல் கோட்பாடு தெரியாது என்றும் வாரன் எழுதியிருக்கிறார். கோட்பாடு புரியாமலே விதியைப் பின்பற்றி விடை காண்பதுதான் கணினியின் இயல்பு.

அப்படியானால் மூளையே கணினியா?

இங்கேதான் நிதானம் வேண்டும். நம் மேசைக் கணினியில் நினைவகம் வேறு, செயலி வேறு. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றின் இணைப்புகளே நினைவையும் சுமக்கின்றன, வேலையையும் செய்கின்றன. கற்கக் கற்க அந்த இணைப்புகளின் வலிமை மாறுகிறது. ஒரு நரம்பணு நொடிக்குச் சில நூறு துடிப்புகளைத் தாண்டுவது அரிது. சிப்போ நொடிக்குப் பல நூறு கோடி முறை இயங்கும். ஆனாலும் ஒரு சிறு மின்விளக்கின் அளவான சுமார் 20 வாட்டில், கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் மூளை முகங்களை அடையாளம் காண்கிறது, பேச்சைப் புரிந்துகொள்கிறது. பசியும் தூக்கமும் பயமும் அதன் வேலையை மாற்றுகின்றன. மென்பொருளை இன்னொரு கணினிக்கு நகலெடுக்கலாம். கணிதரின் தேர்ச்சியை இன்னொருவர் பயின்றுதான் பெற வேண்டும்.

கணக்கிடுவது மூளையின் திறன்களில் ஒன்று. அதையே மூளையின் முழு இலக்கணமாகக் கொள்வது தவறு. மூளையால் கணினியாக இயங்க முடியும், அதோடு அது நின்றுவிடுவதில்லை.

விதிப்படி கணக்கிடுவது என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாது, கையால் செய்து பார்க்க வேண்டும். 1910-ல் தொடங்கப்பட்டு, இன்று திருக்கோகர்ணத்தில் இயங்கும் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் சோழிக் கணக்குக்கு ஓர் இடம் ஒதுக்கட்டும். மாவட்டத்துப் பள்ளிகள் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லட்டும்.