பூட்டிய சைக்கிளும் களவு போவதேன்?

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. 1990களில் எரிபொருள் தடை நிலவிய காலத்தில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதும், விறகு சுமந்ததும், பிள்ளைகளைப் பரீட்சை மண்டபத்தில் சேர்த்ததும் அந்த இரண்டு சில்லுகளே. 2022 இல் பெற்றோலுக்காக மக்கள் நீண்ட வரிசைகளில் நின்றபோது நாடு முழுவதும் சைக்கிளின் அருமையை உணர்ந்தது. அதன் விலையும் ஏறியது. அத்தகைய பொருள் ரியூஷன் வகுப்பு வாசலில் களவு போகுமாயின் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. நாலைந்து கிலோமீற்றர் தூரத்திலிருந்து வரும் மாணவி ஒருத்திக்கு அடுத்த கிழமை முதல் அந்த வகுப்பே இல்லாமற் போய்விடலாம்.

களவு போனவற்றுள் பூட்டப்பட்டிருந்த சைக்கிள்களும் உண்டு. இஃது எவ்வாறு?

நமது சைக்கிள்களில் வழக்கமாக உள்ளது வளையப் பூட்டு. பின்சில்லின் கம்பிகளுக்கிடையே புகுந்து, சில்லைச் சுழலவிடாது தடுப்பதே அதன் வேலை. கடைக்குள் ஐந்து நிமிடம் போய்வர அது போதும். ஆனால் அது சைக்கிளை எதனோடும் பிணைப்பதில்லை. பின்புறத்தைத் தூக்கிப் பிடித்தால் முன்சில்லில் உருட்டிக்கொண்டே போகலாம். வழியிற் காண்போர், திறப்பைத் தொலைத்துவிட்ட அப்பாவி என்று இரங்குவார்களேயன்றிக் கள்வன் என்று ஐயுறமாட்டார்கள்! பிளாஸ்டிக் உறையிட்ட மெல்லிய கம்பிவடப் பூட்டோ நல்ல வெட்டுக்குறடு ஒன்றுக்குச் சில விநாடி வேலை.

கடின உருக்கினாலான ‘யு’ வடிவப் பூட்டு இவற்றினும் உறுதியானது. அமெரிக்காவின் கிரிப்டோனைட் கம்பனியின் பூட்டொன்றை 1972 இல் நியூயோர்க் நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் சோதித்தார்கள். அப்பூட்டினால் பிணைத்த சைக்கிள் ஒன்றை முப்பது நாட்கள் தெருவிலேயே விட்டுவைத்தனர். கழற்றக்கூடிய பாகங்கள் யாவும் போயின. பூட்டு மாத்திரம் அசையவில்லை. அப்பூட்டின் புகழும் பரவிற்று.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவ்வகைப் பூட்டுகள் பலவற்றில் திறப்பு நுழையும் துவாரம் வட்டமாக இருந்தது. சாதாரண பிக் பேனாவின் பிளாஸ்டிக் குழாயை அதனுள் அழுத்தித் திருகினால் பூட்டுத் திறந்துகொள்ளும்! பிரித்தானியச் சைக்கிள் சஞ்சிகையொன்று 1992 இலேயே இக்குறையை வெளியிட்டிருந்தும் அது பெரிதாகப் பொருட்படுத்தப்படவில்லை. 2004 இல் பேனாவால் பூட்டைத் திறந்து காட்டும் படக்காட்சிகள் இணையத்திற் பரவிய பின்னரே கம்பனி மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பூட்டுகளை இலவசமாக மாற்றிக்கொடுத்தது. விலையை மட்டும் பார்த்துப் பூட்டை நம்பியவர்களின் கதி இது. அக்காலத்து வட்டத் துவாரப் பூட்டு எவரிடமேனும் இருந்தால் ஆட்டுக்கொட்டிலுக்குப் பயன்படுத்தலாம். ஆடு பேனா பிடிப்பதில்லை.

இன்று பற்றரியில் இயங்கும் கிரைண்டர் கள்வர் கைக்கும் வந்துவிட்டது. அதனை வெகுநேரம் எதிர்த்து நிற்கும் பூட்டு மிகச் சிலவே. எனினும் கிரைண்டர் பெருஞ்சத்தமிடும், தீப்பொறி பறக்கும். ஆகையால் சைக்கிளை ஒதுக்குப்புறத்தில் மறைத்து வைப்பதிலும் சனநடமாட்டமுள்ள இடத்தில் நிறுத்துவதே மேல். பூட்டானது சைக்கிளின் சட்டத்தையும் பின்சில்லையும் சேர்த்து, நிலத்தில் ஊன்றிய இரும்புத் தூணொன்றோடு பிணைக்கவேண்டும். தூண் குட்டையானால் சைக்கிளை மேலே தூக்கி எடுத்துவிடுவார்கள். வேலிக் கிளுவங் கதியாலோடு பூட்டினாலோ, கள்வன் பூட்டைத் தொடவே வேண்டியதில்லை. கத்தி ஒன்று போதும்.

இருக்கும் இடத்தை அறிவிக்கும் கருவிகளைப் பற்றி மாணவர்கள் ஆவலோடு பேசுகிறார்கள். 2021 இல் அப்பிள் கம்பனி வெளியிட்ட ஏர்டாக் நாணயத்தைப் போன்ற சிறுவட்டம். அது தானாகச் செய்மதியோடு பேசுவதில்லை. அருகாற் செல்லும் அப்பிள் தொலைபேசிகளே அதன் இருப்பிடத்தை உரியவருக்குத் தெரிவிக்கின்றன. கொழும்புத் தெருவில் அது வாய் திறக்கும். ஆளரவமற்ற தோட்டவெளியில் ஊமையாகிவிடும். மனிதரை இரகசியமாகப் பின்தொடர அதனைப் பயன்படுத்தாதிருக்கும் பொருட்டு, அந்நியமான கருவியொன்று கூடவே வருகிறதென அருகிலுள்ளவரின் தொலைபேசிக்கு எச்சரிக்கை போகும். அந்த எச்சரிக்கை கள்வனுக்கும் கிடைக்கும்! சிம் அட்டையோடு செய்மதி வழி இயங்கும் கருவிகளில் இத்தொல்லை குறைவு. ஆனால் அவற்றை அடிக்கடி மின்னேற்றவேண்டும், செலவும் தொடரும். எதுவாயினும் இரும்புக் குழாயினுள் ஒளித்தால் சமிக்ஞை மங்கும். சைக்கிள் இருக்குமிடம் தெரிந்துவிட்டதென்று பிள்ளைகள் தாமே மீட்கப் புறப்படலாகாது. தகவலைப் பொலிஸாரிடம் கொடுப்பதே முறை.

பொலிஸாரிடம் போனால் கேட்கப்படும் கேள்வி, “இது உம்முடையதுதான் என்பதற்கு அடையாளம் என்ன?” என்பதாகும். ‘நீல நிறம், மணி உடைந்தது’ என்றால் போதுமா? ஜப்பானில் சைக்கிளுக்குக் களவுத் தடுப்புப் பதிவு செய்யவேண்டுமென்பது 1994 முதல் சட்டமாக உள்ளது. நமது சைக்கிளிலும் பெரும்பாலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பெடல் அச்சுச் செல்லும் குழாயின் அடியிலோ, இருக்கைக் குழாயிலோ தேடினால் அகப்படும். சேற்றைத் துடைத்துவிட்டு அதனைக் கொப்பியில் எழுதி, வாங்கிய பற்றுச்சீட்டோடும் ஒரு படத்தோடும் பத்திரப்படுத்த ஒரு சதமும் செலவில்லை.

பழைய சைக்கிள் வாங்குவோருக்கும் அந்த எண்ணே வழிகாட்டி. விற்பவரிடம் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே சைக்கிளைக் கவிழ்த்துப் பாருங்கள். எண் இருக்கவேண்டிய இடம் அரத்தால் அராவப்பட்டு, அதன்மேல் புதுப் பெயின்ற் பூசப்பட்டிருந்தால், றலியானாலும் லுமாலாவானாலும், எவ்வளவு மலிவானாலும், அதை விட்டுவிட்டு வாருங்கள்.